தம்பி அட்டையில் போனவர்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு, உன் தம்பி குஷன் எழுதுவது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை. கடையில் தைக்க வந்த ஒரு நாற்காலிக்குள் கடிதத்தை வைத்துத் தைத்துவிட்டேன். படித்து முடித்ததும், பத்திரமாக இருக்கட்டும் என்று பக்கத்திலிருந்த ஸ்பாஞ்சின் மேல் வைத்தேன். அதன் மேலேயே ரெக்சினைப் போட்டு இழுத்து ஆணி அடித்து, நாற்காலியை அனுப்பியும் வைத்துவிட்டேன். அது ஒரு பல் டாக்டருடையது. போய்ப் பார்த்தால் மனுஷன் அதில் உட்கார்ந்து பல் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்.

"டாக்டர், கொஞ்சம் எழுந்திருங்க. உங்களுக்கு அடியில எங்க அக்கா இருக்காங்க" என்றேன்.

வாயைப் பிளந்து படுத்திருந்தவர் சிரித்து எதையோ விழுங்கிவிட்டார். பஞ்சுதான், ஒன்றும் செய்யாது என்று டாக்டர் சொன்னார். ஆணியைப் பிடுங்கிக் கடிதத்தை எடுத்தேன். கொஞ்சம் நசுங்கியிருந்தது, மற்றபடி சுகம்.

இங்கே நாங்களும் அப்படித்தான், கொஞ்சம் நசுங்கி, மற்றபடி சுகம். அம்மாவுக்குக் காது இன்னும் மந்தமாகிவிட்டது, வாய் அப்படியே இருக்கிறது. உன் முழங்கால் எப்படி? மாமா இருமலை விட்டாரா, இருமல் மாமாவை விட்டதா?

இனி விஷயம். துறைமுகத்துக்கு எதிரே உள்ள கப்பல் தொழிலாளர் சங்கத்தில், சண்டைக் காலத்தில் கப்பலோடு மூழ்கிப் போனவர்களின் பெயர்களைச் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள் என்றும், விட்டுப்போன பெயர் இருந்தால் அக்டோபரில் நினைவு நாளுக்கு முன்னால் சொல்லலாம் என்றும் பேப்பரில் பார்த்ததாக எழுதியிருக்கிறாய். அந்தத் தெருவில் நான் போகாத நாள் கிடையாது. ஆனால் எதிர்ப்பக்கம் டீக்கடை இருப்பதால் சங்கத்துக்கு இதுவரை என் முதுகைத்தான் காட்டியிருக்கிறேன். உனக்காகத் திரும்பிப் பார்க்கிறேன். உங்கப்பா பெயர் இருந்தால் சொல்கிறேன், இல்லாவிட்டால் போடச் சொல்கிறேன்.

அடிக்காதே, ஒன்று சொல்கிறேன். பெரியப்பா ஏதாவது ஒரு துறைமுகத்தில் இறங்கி, அங்கே ஒரு சின்ன வீடு வைத்து, பேரன் பேத்தியோடு சௌக்கியமாக இருந்தால், வெளிநாட்டுக்குப் போனால் நமக்கும் தங்க ஓர் இடம் ஆச்சு. சும்மா சொன்னேன்.

உன் தம்பி,
குஷன்

மார்ச் 17

தம்பிக்கு,

முழங்கால் படி ஏறும்போது வலிக்கிறது, இறங்கும்போது திட்டுகிறது. மாமா அப்படியே இருக்கிறார். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் இடத்து வெக்கை எனக்குப் பழகிவிட்டது. சித்தியை நான் கேட்டதாகச் சத்தமாகச் சொல்.

கடைசியில் "சும்மா சொன்னேன்" என்று எழுதியிருக்கிறாய். அதை ஊர் எனக்கு ஆயுசு முழுக்கச் சும்மா சொல்லிக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் என் பெயரை டீச்சர் மட்டும்தான் கூப்பிடுவார். மற்றவர்களுக்கு நான் "கம்பி நீட்டினவர் மகள்". அப்பா கப்பலுக்குப் போனபோது நான் கைக்குழந்தை. அதற்குப் பிறகு ஒரு வரி இல்லை, ஒரு தந்தி இல்லை. கப்பலில் செத்தவர்கள் வீட்டுக்கெல்லாம் தந்தி வந்தது, எங்களுக்கு வரவில்லை. அதனால் ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது.

அந்த வீடு மழைக்கு ஒழுகும், உனக்கே தெரியும். அம்மா கடைசி வரை வீடு மாற மாட்டேன் என்றாள். மாறினால் அவருக்கு விலாசம் தெரியாதாம். சித்தப்பா ஒருத்தர்தான் வரும்போதெல்லாம் "வருவான் அண்ணி, வருவான்" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த ஒரு வார்த்தையில் அம்மா ஒரு மாதம் ஓட்டுவாள்.

எனக்கு இப்போது வேண்டியது ஒன்றுதான். அப்பா செத்தாரா, எங்களை விட்டுவிட்டுப் போனாரா. கேட்டுச் சொல்ல உன்னைத் தவிர எனக்கு ஆள் இல்லை. உன் கிண்டலை வீட்டில் வைத்துவிட்டுப் போய்ப் பார்.

அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்காலுக்கு ஒரு திண்டு தைத்து அனுப்புகிறேன். உட்காரும்போது காலடியில் போட்டுக்கொள். இங்கே, "அக்கா கேட்டாங்க" என்று நான் கத்தியதற்கு அம்மா, "யாரு, கேஸ் சிலிண்டரா?" என்றாள். மற்றபடி நலம்.

சங்கத்துக்குப் போனேன். மாடிப்படி ஒரு பக்கமாகத் தேய்ந்து கிடக்கிறது, எல்லாக் கப்பல்காரனும் ஒரே பக்கமாக ஏறியிருப்பான் போல. மேலே ஓர் அறை. சன்னலைத் திறந்தால் துறைமுகத்துச் சங்கு காதுக்குள்ளேயே ஊதுகிறது. கணக்கு வழக்கெல்லாம் பார்ப்பது ஓர் அம்மா. எல்லாரும் சங்கத்தம்மா என்கிறார்கள். அவர் நாற்காலியைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. ஸ்பிரிங் ஒரு பக்கம் செத்துப்போய், அந்த அம்மா சாய்ந்த கப்பலில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

"எத்தன வருஷமாம்மா இப்படிச் சாஞ்சிருக்கீங்க?"

"நேரா உக்காந்தா தலை சுத்துதுப்பா."

அங்கேயே தரையில் உட்கார்ந்து அடித்துணியைப் பிரித்தேன். உள்ளே தேங்காய் நார், அதற்குள் ஒரு சீப்பு, இரண்டு பொத்தான். சீப்பு யாருடையது என்று ஆபீசே கூடி விசாரித்தது. வழுக்கைத் தலைப் பியூன் தன்னுடையது என்றார், ஒருவரும் நம்பவில்லை. ஸ்பிரிங்கை மாற்றி, பட்டையை இழுத்துக் கட்டி, பச்சை ரெக்சின் போட்டுக் கொடுத்தேன். உட்கார்ந்து பார்த்துவிட்டு, "உயரமாயிட்டேன்" என்றார்.

சுவர் பின்கட்டில் இருக்கிறது. பாதிச் சுவருக்குச் சாரம் கட்டி வெள்ளையடிக்கிறார்கள். பெரியப்பா பெயர் கண்ணில் படவில்லை. பிறகு பார்த்து எழுதுகிறேன். கடையில் வேலை அதிகம்.

தம்பி

ஏப்ரல் 14

தம்பிக்கு,

திண்டு வந்தது. கால் சுகமாக இருக்கிறது. மாமா அதைத் தலைக்கு வைத்துக்கொள்கிறார்.

ஒரு நாற்காலியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். என் அப்பாவைப் பற்றி ஒரே ஒரு வரி. சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு வந்தால்தான் நீ இவ்வளவு பேசுவாய். கடைசியில் "குஷன்" என்று உன் பட்டப்பெயரில் கையெழுத்துக்கூடப் போடவில்லை.

எதை உடைத்தாய்?

அக்கா

மே 23

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா நலம், நானும் நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

சாரம் கட்டியிருந்தது நிஜம். ஆனால் நான் பார்க்க வேண்டிய பக்கத்தில் கட்டவில்லை. அன்றைக்கே எல்லாம் பார்த்துவிட்டேன். இவ்வளவு நாளாகப் பேப்பரை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

எனக்குப் படிப்பு மட்டு, தெரியுமே. ஒவ்வொரு பெயராக விரலை வைத்து எழுத்துக் கூட்டிக்கொண்டே வந்தேன். பெரியப்பா பெயர் இல்லை. அதற்குப் பதிலாக எங்கப்பா பெயர் இருந்தது. வேறு யாரோ ஆள் என்று நினைக்க வழியில்லை. தாத்தா பெயர், நம் தெரு, எல்லாம் வரிசையாக வெட்டியிருந்தது. கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிற வேலை, சண்டையில் மூழ்கிய சரக்குக் கப்பல் என்றும் இருந்தது. எங்கப்பா நம் வீட்டுக் கட்டிலில் வயதாகிச் செத்தவர். நீதான் தலைமாட்டில் நின்றாய். கப்பலை அவர் படத்தில்கூடப் பார்க்கப் பிரியப்பட மாட்டார்.

விரல் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. சங்கத்தம்மா பின்னாலேயே வந்துவிட்டார்.

"யாருப்பா, அப்பாவா?"

"ஆமா" என்றேன். உண்மைதானே.

"ஐயோ பாவம். முகம்கூடத் தெரியாம வளந்திருப்பீங்க."

அதற்கு நான் என்ன செய்தேன் தெரியுமா. தலையை ஆட்டினேன். அப்பாவிடம் வாங்கிய அடியெல்லாம் முதுகில் இருக்கும்போதே ஆட்டினேன். கையைப் பிடித்து உட்கார வைத்து டீ வரவழைத்துக் கொடுத்தார். குடித்தேன். குடும்பத்தார் என்று ஒரு பித்தளை வில்லையைச் சட்டையில் குத்திவிட்டார், நினைவு நாளில் முன்வரிசையில் உட்கார. சண்டை முடிந்து வருஷக்கணக்காகி நான் பிறந்தேன் என்று அந்த அம்மா கணக்குப் பார்க்கவில்லை. நானும் எடுத்துச் சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள் யாருக்கோ கேட்கிற மாதிரி கேட்டேன், பெயர் ஒருத்தருடையது, ஆள் இன்னொருத்தர் என்று இருக்குமா என்று. "நிறைய. அந்தக் காலத்துக் கப்பல் வேலை அட்டைல படமா இருந்துச்சு? பேரு, அப்பன் பேரு, தெரு, அவ்வளவுதான். ஆள் சேர்க்கிற மேஸ்திரி தலைய எண்ணுவான், மூஞ்சியப் பாக்க மாட்டான். அண்ணன் அட்டைல தம்பி போவான், மாமன் அட்டைல மச்சான் போவான். கப்பல் போயிட்டா அட்டைக்காரன்தான் செத்தவன். தந்தியும் அட்டைல இருக்கிற வீட்டுக்குத்தான் போகும்" என்றார். அந்தக் கப்பலில் மேல்தட்டில் இருந்த சிலர் தப்பித்திருக்கிறார்கள். கீழே கரி அள்ளியவர்களில் ஒருவரும் மேலே வரவில்லை.

அக்கா, எங்கப்பா தன் பெயரில் ஒரு துரும்பு வைத்துக்கொண்டதில்லை. கடை அம்மா பெயரில், வீடு அம்மா பெயரில். ஓட்டுச் சாவடிப் பக்கம் போனதில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் "எங்கப்பா பொண்டாட்டி பேர்ல பொழைக்கிறவரு" என்று சொல்லிச் சிரிக்க வைப்பேன். அவரும் கூடச் சிரிப்பார். இப்போதுதான் புரிகிறது. செத்தவர் எந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட முடியும்.

அந்தச் சுவரில் எங்கப்பா பெயரில் இருப்பவர் உங்கப்பா. எனக்கு அப்படித்தான் படுகிறது. எப்படி நடந்தது என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். கேட்கத் தைரியம் வரவில்லை.

தம்பி

ஜூன் 1

தம்பிக்கு,

உடம்பு இருக்கிறபடி இருக்கிறது.

சித்தியிடம் கேள்.

அக்கா

ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு இருக்கிறபடி என்றால் எப்படி என்று புரியவில்லை. மாமாவையாவது ஒரு வரி எழுதச் சொல்.

கேட்டேன். அம்மாவிடம் எதைக் கேட்பதானாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். தெருவே கேட்கிற சத்தத்தில் இதை எப்படிக் கேட்பது. சன்னலைச் சாத்தினேன், கதவைச் சாத்தினேன், தையல் மிஷினைச் சும்மா ஓடவிட்டேன். அந்த இரைச்சலுக்கு மேல் நான் கத்த, அம்மா கத்த, யாராவது பார்த்திருந்தால் சொத்துச் சண்டை என்று நினைத்திருப்பார்கள்.

"அம்மா, செவுத்துல அப்பா பேரு இருக்கு."

"எந்தச் செவுத்துல?"

"துறைமுகத்துல. கடல்ல செத்தவங்க செவுத்துல."

மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டாள். "கல்லுலயே வெட்டிட்டானுங்களா" என்றாள். அதற்கு மேல் நான் எதையும் தோண்ட வேண்டியிருக்கவில்லை.

கப்பலுக்கு அட்டை வாங்கியது எங்கப்பாதான். ஏறுகிற அன்று காலையில் துறைமுகம் வரை போய்விட்டுத் திரும்பி வந்து, காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். ஆள் வராவிட்டால் மேஸ்திரி வீடு தேடி வந்து இழுத்துப்போவானாம். பெரியப்பா வந்து பார்த்திருக்கிறார். அவர் முன்பே ஒரு தடவை கப்பலுக்குப் போய் வந்தவர். ஆணியில் தொங்கிய சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு, "சின்னப் பையன், பயப்படறான். ஒரு நடைதானே, நான் போயிட்டு வந்துடறேன். அவகிட்டச் சொல்லிடு" என்று போய்விட்டார். பெரியம்மா அப்போது உன்னை வைத்துக்கொண்டு பிறந்த வீட்டில் இருந்தார். திரும்பி வந்தவரிடம், அண்ணன் கப்பலுக்குப் போயிருக்கிறார் என்று மட்டும் அப்பா சொன்னாராம், யார் அட்டையில் என்று சொல்லவில்லை.

"காய்ச்சல் நிஜமாம்மா?"

"நெத்தியத் தொட்டுப் பாத்தேன். சில்லுனு இருந்துச்சு. நானும் வாயத் தொறக்கல."

அப்புறம் தந்தி. இன்னார் கடலில் இறந்தார் என்று. அதை வாங்கிக்கொண்டவர் அந்த இன்னாரேதான். தான் செத்த சேதியைத் தானே வாசலில் நின்று வாங்கியிருக்கிறார். தபால்காரர் அனுதாபம் சொல்லியிருக்கிறார், இவர் தலையாட்டியிருக்கிறார். நான் சங்கத்தில் ஆட்டினேனே, அதே மாதிரி.

"பெரியம்மாகிட்ட ஏன் சொல்லல?"

"என்னன்னுடா சொல்றது? நாளைக்குச் சொல்றேன்னு கிளம்பிப் போவாரு. போய் நிப்பாரு. அவங்க மூஞ்சியப் பாத்ததும் 'வருவான் அண்ணி'ன்னு வந்துடும். வந்து படுத்துக்குவாரு. நாளைக்கு நாளைக்குன்னே அந்தப் பொம்பள போய்ச் சேந்துட்டா."

மிஷினை நிறுத்தினேன். அம்மா கத்திக்கொண்டேதான் இருந்தாள், "எனக்கும் வாய் இருந்துச்சே, எனக்கும் வாய் இருந்துச்சே" என்று. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி என்ன என்று கேட்டார். பல்வலி என்று சொன்னேன்.

உன் அப்பா ஓடவில்லை அக்கா. ஓடியவர் என் அப்பா.

தம்பி

ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார். நீ நலமாக இருக்க வேண்டும். மாமாவும்.

சங்கத்தம்மாவிடம் உண்மையைச் சொல்லி, பித்தளை வில்லையைத் திருப்பிக் கொடுத்தேன். டீயைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. அவர் பச்சை நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார். அப்புறம் விவரம் சொன்னார். பெயரை மாற்றலாம். ஆனால் அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம். சுவரில் உளி வைப்பதற்கு முன்னால், ஏன் மாற்றுகிறோம் என்பதைக் குடும்பத்து ஆள் எல்லாருக்கும் முன்னால் நின்று படித்தாக வேண்டும். அங்கே வருகிறவர்கள் அத்தனை பேரும் அப்பனையோ அண்ணனையோ கடலுக்குக் கொடுத்தவர்கள்.

அம்மா வேண்டாம் என்கிறாள். "நான் போனப்புறம் படி. உங்கப்பன் உக்காந்த கடைல நாலு பேரு நாற்காலி தைக்க வரணும்ல" என்கிறாள். எனக்கும் பயம்தான். கடையில் அப்பா படத்தைக் கழற்றவில்லை, துடைக்கவும் இல்லை. இப்போதெல்லாம் கடையில் நான் வாயே திறப்பதில்லை. பல் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "என்ன, கடவாப் பல்லா?" என்று கேட்டார்.

நீ படி என்றால் படிக்கிறேன். வேண்டாம் என்றால் விடுகிறேன். ஒன்றும் சொல்லாமல் மட்டும் இருக்காதே.

தம்பி

செப்டம்பர் 9

தம்பிக்கு,

முழங்கால் தேவலை. மாமாவுக்கு இருமல் நின்றுவிட்டது, பழக்க தோஷத்தில் அவ்வப்போது இருமிக்கொள்கிறார்.

கோபத்தில் எழுதவில்லை என்று நினைத்திருப்பாய். கோபம் பிறகுதான் வந்தது. உன் கடிதத்தை வேலையிடத்தில், அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவில் நின்று படித்தேன். படித்து முடித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும், கூட வேலை செய்கிறவள் "என்னக்கா, நல்ல சேதியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. ஒரு மனுஷன் கரிக்குழியில் தண்ணீர் புகுந்து செத்திருக்கிறார், அவர் பெற்ற பெண் நல்ல சேதி என்கிறாள். அந்த வெட்கத்தில் பேனாவைத் தொட முடியவில்லை.

இன்னொன்றும் உண்டு. என் பிள்ளைகளிடம், தாத்தா லாரி மோதிச் செத்தார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஊர் சொன்னதை நானும் நம்பிவிட்டேன் என்பதற்கு அதைவிட வேறென்ன வேண்டும். இப்போது அவர்களை உட்கார வைத்து, லாரி இல்லை, கப்பல் என்று சொன்னேன். பெரியவன், "அம்மா, அடுத்த வருஷம் விமானமா?" என்றான். உன் மருமகன்தானே.

சித்தப்பா என் கல்யாணத்தில் அப்பா இடத்தில் நின்றார். மாப்பிள்ளை வீட்டார் கேட்டபோது, "அண்ணன் கப்பல்ல இருக்காரு, லீவு கிடைக்கல" என்றார். என் மானத்தைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டு அவரைக் கும்பிட்டேன். இப்போது அதை நினைத்தால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நீ படி. சித்தி சொன்னாலும் படி. என் அம்மாவிடம் சொல்வதைச் சித்தப்பா நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினார், நீ எனக்கு அப்படித் தள்ளாதே. சித்தப்பா பெயரை அங்கிருந்து எடுக்கச் சொல். எடுப்பதை நான் வந்து பார்க்க வேண்டும். அவரை மன்னித்துவிடு என்று ஒரு வார்த்தை எழுதாதே. எனக்குத் தோன்றினால் நானே சொல்கிறேன்.

நினைவு நாளுக்கு மாமாவும் நானும் வருகிறோம்.

அக்கா

அக்டோபர் 28

தம்பிக்கு,

ஊர் வந்து சேர்ந்தோம். பஸ்ஸில் உட்கார்ந்து வந்ததில் கால் வீங்கியிருக்கிறது, வடிந்துவிடும். சித்திக்கு மறக்காமல் மருந்து கொடு.

அங்கே இருந்த நாளெல்லாம் உன்னிடம் சரியாகப் பேச முடியவில்லை. நீயும் எதிரில் வந்தால் பாத்திரம் கழுவப் போய்விட்டாய். அதனால் எழுதுகிறேன்.

நீ பேப்பரைப் பிடித்துக்கொண்டு சுவருக்கு முன்னால் நின்றபோது, எப்படியும் ஒரு கிண்டலைச் செருகிவிடுவாய், கூட்டம் சிரித்துவிடும், நான் எழுந்து போய்விட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எழுத்துக் கூட்டித்தான் படித்தாய். "எங்கப்பா பயந்தார்" என்று படித்துவிட்டு நிறுத்தித் தலையைத் தூக்கினாய். யாராவது சிரித்தால் தேவலை என்று பார்த்த மாதிரி இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு கிழவர் உன்னை முறைத்துப் பார்த்தார். நீ மறுபடி குனிந்து, "அவருக்குப் பதில் அவர் அண்ணன் போனார். அதை அண்ணிக்கு அவர் சொல்லவில்லை. எங்கம்மாவும் சொல்லவில்லை" என்று கடைசி வரை படித்தாய். உன் காது இரண்டும் சிவந்துபோயிருந்தன. எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். வெட்கம் உன்னுடையது, ஆனாலும் நம் வீட்டு வெட்கம்தானே.

கல்தச்சர் சித்தப்பா பெயரில் உளி வைத்ததும் நீ வெளியே போய்விட்டாய். அதைப் பார்க்கவே வந்தவள் நான். முதல் எழுத்து உதிர்ந்ததும் என்னாலும் நிற்க முடியவில்லை. என்னைத் தூக்கி வளர்த்தவர் பெயர்தானே அதுவும். மாமாதான் நின்று பார்த்தார்.

கூட்டம் கலைந்த பிறகு அந்தக் கிழவர் சங்கத்தம்மாவிடம் காதோடு காதாக என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வீட்டிலும் ஓர் அட்டை மாறியிருக்கும் போல.

சித்தி பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாய். நாங்கள் என்ன பேசினோம் என்று நீ கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு "சாப்ட்டியா?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி "சாப்ட்டியா?" என்றார். காது கேட்கவில்லை போல என்று சத்தமாகச் சொன்னேன். கிளம்பும்போதும் அதையேதான் கேட்டார். அவரால் அதற்கு மேல் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. சாப்பிட்டேன் சித்தி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சித்தப்பா விஷயத்தில் எனக்கு இன்னும் ஒன்றும் தோன்றவில்லை. தோன்றினால் எழுதுகிறேன். என் அப்பா பெயரை இப்போதுதான் முழுதாக எழுத்தில் பார்த்தேன். கல்தச்சர் நன்றாக வெட்டியிருக்கிறார். அதற்கு உனக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கடையில் பழையபடி வாயைத் திற. பல் டாக்டர் கவலைப்படப் போகிறார்.

அக்கா

நவம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

கால் வீக்கம் வடிந்ததா? அம்மா மருந்தைக் குடித்துவிட்டு என்னைத் திட்டுகிறாள், அதனால் தேறிவிட்டாள் என்று நினைக்கிறேன். நாற்காலி தைக்க ஆள் வருகிறது. இரண்டு பேர் வரவில்லை. ஒருவர் வந்து, தைக்கக் கொடுத்துவிட்டு, என் அப்பா படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். பார்க்கட்டும். படத்தைத் துடைத்து வைத்திருக்கிறேன். கழற்ற மனம் வரவில்லை. நீ கோபித்துக்கொண்டாலும் சரி.

நீங்கள் ஊருக்குப் போன மறுநாள் நான் தனியாகச் சங்கத்துக்குப் போனேன். பெரியப்பாவிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. மரியாதையாகப் போக வேண்டுமே என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். சுவர் முன்னால் நின்றதும் மன்னிச்சிக்கோங்க என்று வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொல்ல வேண்டியவர் எங்கப்பா. அவர் இத்தனை வருஷமாகச் சொல்லாததை நான் எப்படி அவருக்குப் பதில் சொல்வது. நம் வீட்டில் ஒருத்தருக்குப் பதில் ஒருத்தர் போனது போதும் என்று பட்டது. அதனால், "நான் உங்க தம்பி பையன்" என்று மட்டும் சொன்னேன். சொல்லிவிட்டு, இனி எனக்குப் போக அவசரமில்லை என்கிற மாதிரி அங்கேயே இருந்தேன். நின்று நின்று கால் கடுத்தது. கடை நாற்காலியெல்லாம் ஞாபகம் வந்தது. சுவரில் முதுகைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் நின்றேன்.

கல்தச்சர் அப்போதுதான் புதிதாக வெட்டிய எழுத்துகளில் கறுப்புப் பெயின்ட்டை விளிம்பு வழிய நிரப்பிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். எனக்குத் தெரியாது. பஸ்ஸில் என் பின்னால் உட்கார்ந்திருந்தவர் என் முதுகை எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊரு பாஷைங்க?" என்று கேட்டார். எனக்குப் படிப்பு வராது என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தால் பெரியப்பா பெயர் முழுசாக, வலமிருந்து இடமாக இருக்கிறது.

சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கல்தச்சர் திட்டிவிட்டு மறுபடி பெயின்ட் பூசிவிட்டார். எங்கள் வீட்டில் வெள்ளைச் சட்டை கிடையாது. அது மாமா கொடியில் மறந்து விட்டுப்போனது. மண்ணெண்ணெய் போட்டு இரண்டு தரம் துவைத்தேன், போகவில்லை. இஸ்திரி போட்டு இன்று தபாலில் அனுப்பியிருக்கிறேன். மாமாவை மேலே கோட்டு போட்டுக்கொள்ளச் சொல்.

குஷன்